மீனும் மரக்கறியும் ஒரே நீரில்

வயலில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் சிறு மீன்கள் வாய்க்கால் வழியே ஏறிவந்து நெற்பயிரின் அடியில் திரிவதைக் கமக்காரர்கள் கண்டிருப்பர். அம்மீன்களின் கழிவு பயிருக்கு எருவாகின்றது. பயிரின் நிழலும் சேற்றிலுள்ள புழுக்களும் மீனுக்குப் பயன்படுகின்றன. இந்த உறவை ஒரு தாங்கிக்கும் சில பாத்திகளுக்கும் இடையே அமைத்து, ஒரே நீரினால் மீனையும் மரக்கறியையும் வளர்க்கும் முறை அக்குவாபொனிக்ஸ் எனப்படும். இத்துண்டுப் பிரசுரத்தில் அதனைக் கூட்டு வளர்ப்பு என்றே குறிப்பிடுவோம்.

காணி இல்லாத அல்லது காணி குறைந்த குடும்பங்களுக்கு இம்முறையைக் கொண்டு உதவத் தேவாலயங்களும் ஏனைய சமூக அமைப்புக்களும் பல நாடுகளில் முன்வந்துள்ளன. அவ்வாறு உதவ விரும்புவோரும், அவ்வுதவியைப் பெறும் குடும்பங்களும் முதலில் அறியவேண்டியது ஒன்றுண்டு. தாங்கியையும் பம்பியையும் வாங்கிக் கொடுப்பது உதவியின் சிறு பங்கே ஆகும். வாங்கிய மறுநாளே மீன் விட்ட தாங்கிகள் இறந்த மீன்களுடன் கைவிடப்படுவதுண்டு. அதற்குக் காரணம் யாது என்பதையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இங்கு விளக்குவோம்.

1. இம்முறை வளர்ந்த வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1969 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நியூ அல்கெமி நிலையத்தார், மீன் தாங்கியின் நீரைப் பயிருக்குப் பயன்படுத்தும் சோதனைகளை 1970 ஆம் ஆண்டுகளில் நடத்தினர். 1980 ஆம் ஆண்டுகளில் வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தில் மார்க் மக்மேற்றி என்பார் மணற்பாத்தி முறையை ஆராய்ந்தார். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்பாரும் அவருடைய குழுவினரும் மிதவை முறையைப் பல்லாண்டுகள் சோதித்து, எத்தனை கிராம் மீனுணவுக்கு எவ்வளவு பயிர் நிற்கும் என்னும் கணக்கை வகுத்தனர்.

பின்னர் திராவிஸ் ஹியூகி என்னும் அமெரிக்கர், கிறிஸ்தவத் தொண்டுப் பணியை நோக்காகக் கொண்டு, பிளாஸ்டிக் பீப்பாக்களை வெட்டி அமைக்கும் எளிய தொகுதி ஒன்றை வகுத்து, அதன் செய்முறையை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார். ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனம், 2010 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், காசாப் பகுதியில் பெண்களைத் தலைவராகக் கொண்ட 119 வறிய குடும்பங்களுக்கு வீட்டுக் கூரைமேல் அமைக்கும் தொகுதிகளை வழங்கியது. மேலும் 24 தொகுதிகள் கல்வி நிலையங்களிலும் பொது நிலையங்களிலும் அமைக்கப்பட்டன. இது 2023 ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய போருக்கு முந்திய நிகழ்ச்சியாகும். அத்தாபனம் 2014 ஆம் ஆண்டில் சிறு அளவுக் கூட்டு வளர்ப்புக்கான விரிவான கைந்நூலையும் வெளியிட்டது.

காசாவில் குடும்பங்களுடன் பொது நிலையங்களுக்கும் தொகுதிகள் கொடுக்கப்பட்டமை நாம் கவனிக்கத்தக்கது. பலர் கூடிப் பார்த்துப் பழகுவதற்கு ஒரு பொதுத் தொகுதி இருப்பது, தனித் தொகுதிகள் நிலைப்பதற்குத் துணையாகும்.

2. யாருக்கு ஏற்றது

நல்ல மண்ணும் போதிய நீரும் உடைய கமக்காரர் தம் வயலையும் தோட்டத்தையும் விட்டு இதற்கு வரவேண்டியதில்லை. மண்ணில் குறைந்த செலவில் விளையும் கத்தரியையும் வெண்டியையும் தாங்கி கட்டி விளைவிப்பது வீண் செலவாகும். ஆனால் பின்வரும் குடும்பங்களுக்கு இம்முறை பயன் தரலாம்:

(அ) வீட்டைச் சுற்றி ஒரு பரப்புக் காணியும் இல்லாதவர்கள்.

(ஆ) உவர் ஏறிய அல்லது கல் நிறைந்த நிலத்தில் குடியிருப்பவர்கள்.

(இ) கணவனை இழந்த பெண்களும், குனிந்து மண்வெட்டி பிடிக்க இயலாத முதியோரும், உடல் ஊனமுற்றோரும். பாத்திகள் இடுப்பளவு உயரத்தில் இருப்பதால் நின்றோ நாற்காலியில் இருந்தோ வேலை செய்யலாம்.

(ஈ) தொழிலற்ற பருவங்களைக் கொண்ட கடற்றொழிற் குடும்பங்கள்.

இரசாயனப் பசளை இறக்குமதி 2021 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் மரக்கறிச் செய்கையாளர் பட்ட துன்பத்தை எவரும் மறந்திருக்கமாட்டார். கூட்டு வளர்ப்புக்குப் பசளை வாங்கவேண்டியதில்லை. எனினும் மீனுணவு வாங்கவேண்டும். ஒரு செலவு நீங்க இன்னொரு செலவு வருகின்றது என்பதை நினைவிற் கொள்க.

3. தாங்கியினுள் நிகழ்வது யாது

மீன் உண்ட உணவிலுள்ள நைதரசனின் பெரும்பங்கு அதன் பூக்களின் வழியாக அமோனியாவாக நீரிற் சேர்கின்றது. அமோனியா மீனுக்கு நஞ்சாகும். பற்றீரியாக்களில் ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றது. நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சே. இன்னொரு வகைப் பற்றீரியா அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றது. நைத்திரேற்று மீனுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. பயிருக்கோ அதுவே சிறந்த உணவாகும்.

இப்பற்றீரியாக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. கற்களின் மேற்பரப்பில் மெல்லிய படையாக ஒட்டி வாழ்வன. புதிய தாங்கியில் அவை இரா. தாமாகவே வந்து குடியேறிப் பெருகுவதற்கு எமது தாழ்நில வெப்பநிலையில் 25 முதல் 40 நாட்கள் வரை செல்லும். அந்நாட்கள் கழியுமுன் மீனை நிறைய விட்டால், முதல் வாரத்தில் அமோனியாவும் அடுத்து நைத்திரைற்றும் ஏறி மீன்கள் மடியும். நீர் தெளிவாகவே இருக்கும். ஆதலால் பார்ப்பவருக்குக் காரணம் விளங்காது. குஞ்சு பழுதென்றோ, கண்ணூறு என்றோ எண்ணித் தாங்கியைக் கைவிடுவர்.

எனவே மீன் விடுமுன் தாங்கியைப் பழக்குதல் வேண்டும். பம்பியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை வெறும் நீரில் இடுக. அது அழுகி அமோனியா உண்டாகும். நீர்ச் சோதனைப் பெட்டியினால் மூன்று நாட்களுக்கு ஒருமுறை அளந்து பார்க்க. முதலில் அமோனியா ஏறி இறங்கும். பின்னர் நைத்திரைற்று ஏறி இறங்கும். இறுதியில் நைத்திரேற்று மட்டும் ஏறிக்கொண்டு போகும். அமோனியாவும் நைத்திரைற்றும் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாக நிலைத்து நின்றால் தாங்கி ஆயத்தமாகிவிட்டது என அறியலாம்.

4. தேவாலயம் கொடுக்கக்கூடிய மூன்று

பாலைத் தயிராக்க அயல் வீட்டிலிருந்து உறைமோர் வாங்குவது எமது வழக்கம். கூட்டு வளர்ப்புக்கும் அத்தகைய உறை ஒன்றுண்டு. நன்கு நடைபெறும் பழைய பாத்தியிலிருந்து ஒரு வாளி ஈரச் சல்லியை எடுத்துப் புதிய பாத்தியில் இட்டால், அதில் ஒட்டியிருக்கும் பற்றீரியாக்கள் புதிய கற்களிற் பரவிப் பழக்கும் காலத்தைப் பெரிதும் குறைக்கும். ஆதலால் ஒரு பங்கைச் சேர்ந்தவர்கள் பத்துக் குடும்பங்களுக்குப் பத்துத் தொகுதிகளை ஒரே நாளில் வழங்காது, முதலில் தேவாலய வளவில் ஒரு தாய்த் தொகுதியை அமைத்து, ஒரு முழு மீன் அறுவடைக் காலம் நடத்துதல் வேண்டும். பத்துக் குடும்பத்தாரும் முறைவைத்து அதனைப் பராமரித்துப் பழகவேண்டும். அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் தன் தொகுதியைத் தொடங்கும்போது தாய்த் தொகுதியிலிருந்து உறைச்சல்லி பெறலாம். தாய்த் தொகுதியில் மீன்நோய் காணப்பட்ட காலத்தில் மட்டும் சல்லியோ நீரோ வெளியே கொடுத்தல் ஆகாது. உறையிட்ட தாங்கியையும் சோதனைப் பெட்டியால் அளந்த பின்னரே மீன் விடுக.

இரண்டாவது கொடை மழைநீராகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடே ஊறுவதால் வன்னீராக உள்ளது. அதன் பீஎச் பெறுமானம் பெரும்பாலும் 7 க்கு மேற்பட்டிருக்கும். பீஎச் 7 இலிருந்து 8 க்கு ஏறும்போது, அமோனியாவின் நச்சுப் பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகின்றது. மேலும் வன்னீரில் இரும்புச் சத்தைப் பயிர் எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. மழைநீர் மென்மையானது. தேவாலயக் கூரை 200 சதுர மீற்றர் பரப்புடையதாயின், 50 மில்லிமீற்றர் மழையில் 10,000 லீற்றர் நீர் விழும். ஐந்திலொரு பங்கு வீணானாலும் 8,000 லீற்றர் கிடைக்கும். கீழே கூறப்படும் அளவுள்ள தொகுதிகள் ஐந்தை நிரப்ப அது போதும். வடக்கில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையில் இதனைச் சேமித்தல் எளிது. தூசு கழுவிவரும் முதல் நீரை வெளியே விட்டுவிட்டுப் பின்வரும் நீரையே சேர்க்கவேண்டும்.

முழுவதும் மழைநீராக இருத்தலும் நன்றன்று. பற்றீரியாக்களின் தொழிலினால் நீர் நாளடைவில் புளிக்கும் இயல்புடையது. சிறிதளவு கிணற்று நீரைச் சேர்ப்பதனால் அப்புளிப்பு தணியும். பீஎச் 6 இற்கும் 7 இற்கும் இடையில் நின்றால் மீன், பயிர், பற்றீரியா ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். உவர் நீர்க் கிணறாயின் வேறு. திலாப்பியா ஓரளவு உவரைத் தாங்கும். போஞ்சி முதலிய மரக்கறிகள் தாங்கமாட்டா.

மூன்றாவது கொடை காவலாகும். ஒரு குடும்பத்தார் நோயுற்றாலோ வெளியூர் சென்றாலோ தொகுதி ஒருநாளும் தனித்திருத்தல் கூடாது. அயலில் உள்ள இரு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று துணையாகப் பெயர் பதிந்து கொள்ளுதல் வேண்டும். நீர்ச் சோதனைப் பெட்டியும், மின்கலத்தில் இயங்கும் காற்றூட்டியும் ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கவேண்டியதில்லை. தேவாலயத்தில் பொதுவாக வைத்து எடுத்தாளலாம்.

5. ஒரு குடும்பத் தொகுதியின் அமைப்பு

மீன் தாங்கி 1,000 லீற்றர் கொள்ளக்கூடியது. சல்லிப் பாத்திகள் மூன்று, ஒவ்வொன்றும் 1 சதுர மீற்றர் பரப்பும் 30 சென்ரிமீற்றர் ஆழமும் உடையவை. அவற்றிற்குக் கீழே 400 லீற்றர் கொள்ளும் கீழ்த்தாங்கி. மீன் தாங்கி உயரத்திலும், பாத்திகள் அதற்குச் சற்றுத் தாழவும், கீழ்த்தாங்கி நிலமட்டத்திலும் இருக்கவேண்டும். பம்பி கீழ்த்தாங்கியிலிருந்து மீன் தாங்கிக்கு நீரை ஏற்றும். மீன் தாங்கியில் மிகுந்த நீர் மேல்விளிம்பை அடுத்த குழாய் வழியாகப் பாத்திகளுக்குப் பாயும். பாத்தி நிறைந்ததும் தானாகவே வடியும் குழாயமைப்பினால் நீர் கீழ்த்தாங்கிக்கு இறங்கும். இவ்வாறு அமைத்தால் பம்பி நின்றுபோனாலும் மீன் தாங்கியில் நீர் குறையாது. நீர் வெளியேறும் குழாயின் மேல்வளைவில் ஒரு சிறு துளை இடுதல் வேண்டும். அன்றேல் குழாய் உறிஞ்சியாக மாறித் தாங்கியை வெறுமையாக்கிவிடும்.

சல்லி 8 முதல் 20 மில்லிமீற்றர் பருமனுள்ள கருங்கல்லாக இருத்தல் நன்று. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் சிப்பியும் நீரின் பீஎச்சை ஏற்றுவதால் ஆகா. ஐயமிருந்தால் கல்லின்மேல் சில துளி வினாகிரி விட்டுப் பார்க்க. நுரைத்தால் அக்கல்லை விலக்குக. மேற்பரப்பில் 5 சென்ரிமீற்றர் எப்பொழுதும் உலர்ந்திருக்குமாறு நீர்மட்டத்தை வைக்கவேண்டும். மூன்று பாத்திகளின் சல்லி மட்டும் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் நிறையுடையதாகும். எனவே சீமெந்துக் கற்களால் உறுதியான தளம் இடுக.

பீப்பாக்கள் உணவுப்பொருள் அடைத்தவையாக இருத்தல் வேண்டும். களைகொல்லி, பூச்சிகொல்லி, எண்ணெய் அடைத்தவை எவ்வளவு கழுவினும் ஆகா. செப்புக் குழாயும் நாகமுலாம் பூசிய குழாயும் மீனுக்குத் தீங்கு செய்யும்.

மீன் தாங்கிக்கு ஓலைக்கூரை நிழல் வேண்டும். பாத்திகளுக்கு வெயில் வேண்டும். மீன் தாங்கியையும் கீழ்த்தாங்கியையும் உறுதியான வலையினால் மூடுதல் இன்றியமையாதது. திறந்த தாங்கியில் குழந்தை தவறி விழக்கூடும். டெங்கு நுளம்பும் முட்டையிடும். கீழ்த்தாங்கியில் நுளம்புக் குடம்பியை உண்ணும் சிறுமீன் சிலவற்றை விடலாம்.

6. மீனும் பயிரும்

திலாப்பியா எமது நாட்டுக்கு 1952 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. இன்று குளங்கள் பலவற்றில் காணப்படுவதும் இதுவே. வெப்பத்தையும் நெருக்கத்தையும் தாங்கும் இயல்புடையதாதலால் தொடங்குவோருக்கு ஏற்றது. மலைநாட்டின் குளிர்ப் பகுதிகளில் நன்கு வளராது. குஞ்சுகளைக் குளத்தில் பிடிக்காது, அரசாங்கத்தின் குஞ்சு உற்பத்தி நிலையத்திலோ நம்பத்தக்க வளர்ப்பாளரிடமோ பெறுக.

1,000 லீற்றருக்கு 40 குஞ்சுகளுக்கு மேல் விடவேண்டாம். ஒவ்வொன்றும் 250 கிராம் ஆகும்போது மொத்தம் 10 கிலோகிராம் ஆகும். இதனிலும் நெருக்கமாக வளர்ப்போர் உளர். எனினும் மின்சாரம் தடைப்படும் இடங்களில் நெருக்கம் குறைந்திருப்பதே மீனுக்கும் குடும்பத்திற்கும் பாதுகாப்பாகும்.

கூட்டு வளர்ப்பில் பாத்தியின் அளவை நிர்ணயிப்பது மீனின் தொகையன்று, நாள்தோறும் இடும் உணவின் நிறையாகும். கீரை வகைகளுக்குச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீனுணவு தேவை. தக்காளி, மிளகாய் முதலிய காய்ப்பயிருக்கு 50 முதல் 80 கிராம் தேவை. வளர்ந்த 10 கிலோகிராம் மீன் நாளுக்கு ஏறத்தாழ 150 கிராம் உண்ணும். அது மூன்று சதுர மீற்றர் கீரைக்குச் சரியாகும். ஆனால் 10 கிராம் நிறையுள்ள 40 குஞ்சுகள் நாளுக்கு 20 கிராமே உண்ணும். அது அரைச் சதுர மீற்றருக்கே காணும். இதனை அறியாது தொடக்கத்திலேயே மூன்று பாத்திகளையும் நட்டு, பயிர் மஞ்சளித்தபோது மனந்தளர்வோர் பலர். எனவே முதலில் பாத்தியின் ஒரு மூலையில் கங்குன், பொன்னாங்காணி, சலாது போன்றவற்றை நட்டு, மீன் வளர வளரப் பயிரையும் பெருக்குக. தக்காளியும் மிளகாயும் பின்னர் வரட்டும்.

காலையும் மாலையும் கால் மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே உணவிடுக. மிச்சத்தை வலையால் எடுத்துவிடுக. உண்ணாத உணவு பணமும் நட்டம், நீரும் நஞ்சு. அசோலா முதலிய நீர்ப்பயிரை வளர்த்து ஒரு பங்கு உணவாகக் கொடுத்தால் செலவு சிறிது குறையும்.

ஆவியாதலாலும் பயிர் உறிஞ்சுவதாலும் நாள்தோறும் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரையான நீர் குறையும். இத்தொகுதியில் அது ஏறத்தாழ 15 முதல் 40 லீற்றராகும். குழாய் நீரில் குளோரீன் இருந்தால் திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்த பின்னரே சேர்க்கவேண்டும்.

இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றினால் அது இரும்புக் குறைபாடாகும். மீனுணவில் இரும்பு போதாமையால் எல்லாத் தொகுதிகளிலும் இது தோன்றலாம். நீரில் கரையும் கிலேற்று இரும்பை, லீற்றருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேருமளவுக்கு, மூன்று வாரத்திற்கு ஒருமுறை இடலாம். துருப்பிடித்த ஆணி இடுவதால் பயனில்லை.

7. செய்யக்கூடாதன

பூச்சிக்கு எந்த நஞ்சும் தெளித்தல் ஆகாது. புகையிலைக் கசாயமும் செப்பு மருந்துகளும் மீனைக் கொல்லும். வேப்பெண்ணெயும் நீரில் விழுந்தால் தீங்கு செய்யும். மீன் நோய்க்கு உப்பையோ மருந்தையோ தொகுதியின் நீரிற் கலந்தால் பயிரும் பற்றீரியாவும் கெடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் வைத்தே கவனிக்கவேண்டும். பூச்சியைக் கையாற் பொறுக்குதலும் வலையிட்டுத் தடுத்தலுமே வழி.

கோழி, எலி, பறவை ஆகியவற்றின் எச்சம் நீரிற் சேராது காக்க. தாங்கி நீரை இலைமேல் தெளிக்கவேண்டாம். பச்சையாக உண்ணும் கீரையை நல்ல நீரில் நன்கு கழுவுக. வேலைக்கு முன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. சவர்க்கார நீர் தாங்கியிற் படாதிருக்கட்டும்.

8. மின்சாரம் நின்றால்

40 உவாற்றுப் பம்பி இரவு பகலாக ஓடினால் மாதம் ஏறத்தாழ 29 அலகு மின்சாரம் செலவாகும். தொடங்குமுன் இதனைக் குடும்ப வரவுசெலவில் எழுதிப் பார்க்கவேண்டும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நாள் மீண்டும் வரலாம் என்று எண்ணியே அமைத்தல் அறிவுடைமை.

மின்சாரம் நின்றவுடன் உணவிடுவதை நிறுத்துக. உண்ட மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படும். மீன்கள் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒட்சிசன் குறைந்துவிட்டது என அறிக. இது பெரும்பாலும் விடியற்காலையிலேயே தோன்றும். காற்றூட்டி இல்லாதவிடத்து, வாளியினால் தாங்கி நீரை அள்ளி உயரத்திலிருந்து மீண்டும் தாங்கியினுள் ஊற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். துணைக் குடும்பம் கைகொடுக்க வேண்டிய வேளை இதுவே. பாத்திகளிலுள்ள பற்றீரியாக்கள் கல் ஈரமாக உள்ளவரை உடனே இறவா. மின்சாரம் வந்தபின் அரை நாள் கழித்துச் சிறிது உணவிடலாம்.

9. எதிர்பார்க்கக்கூடிய பயன்

குஞ்சு விட்டு ஏறத்தாழ ஆறு மாதத்தில் மீன் 250 கிராம் ஆகும். 40 மீனும் பிழைத்தால் 10 கிலோகிராம். மாதக் கணக்கில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட மீன் கிடைக்கும். இதற்கு 15 முதல் 18 கிலோகிராம் மீனுணவு செலவாகும். இவற்றுடன் மூன்று சதுர மீற்றர் கீரை ஆண்டு முழுவதும் கிடைக்கும். இது செல்வம் சேர்க்கும் தொழிலன்று. பிள்ளைகளின் உணவிற் புரதமும் பச்சையும் குறையாதிருக்கச் செய்யும் அடுக்களைத் துணையாகும். இதனைக் காட்டிலும் பெரிய வருமானம் வருமென்று சொல்லிக் குடும்பங்களைக் கடனில் இறக்குவோர் அவர்களுக்குத் தீங்கே செய்கின்றனர்.

தவக்காலத்தில் பல கத்தோலிக்கக் குடும்பங்கள் இறைச்சியை விலக்கி மீனை உண்பர். ஓகஸ்ட் அல்லது செப்ரெம்பர் மாதத்திற் குஞ்சு விட்டால், பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மீன் ஆயத்தமாகும். மிகுதியை அயலாருக்கு நல்ல விலைக்குக் கொடுக்கலாம்.

10. குழு நடைமுறை

தேவாலயக் குழு பின்வரும் ஒழுங்குகளைக் கைக்கொள்ளலாம்:

(அ) தாய்த் தொகுதியில் முறை தவறாது பணிபுரிந்து பழகிய குடும்பத்திற்கே தொகுதி வழங்குக.

(ஆ) வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த அயற் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்க. உறைமோருக்குச் சமயம் இல்லை.

(இ) முதல் அறுவடையின்போது ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்தின் குஞ்சுகளுக்கான விலையைப் பொதுநிதிக்குக் கொடுக்கட்டும்.

(ஈ) இட்ட உணவு, சோதனை அளவுகள், இறந்த மீன், எடுத்த கீரை ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதுக. ஒரு வீட்டின் தவறு மற்ற ஒன்பது வீட்டுக்கும் பாடமாக அமைவது அதனாலேயே.

(உ) தொகுதியைத் தொடர முடியாத குடும்பம் வெட்கமின்றித் திருப்பிக் கொடுக்க இடமளிக்கவேண்டும். கைவிடப்பட்ட தாங்கி நுளம்புக்கே உதவும்.

கமக்காரரும் பங்குச் சபையாரும் கூட்டு வளர்ப்பைத் தொடங்குமுன் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு, கிணற்று நீரின் தன்மையையும் இடத்தின் பொருத்தத்தையும் ஆராய்ந்து கொள்வது நன்று. மீன் குஞ்சு பற்றிய விபரங்களை நீருயிரின வளர்ப்பு உத்தியோகத்தரிடம் பெறலாம். தாங்கி வாங்கும் பணத்தைச் சேர்ப்பதற்கு முன்னர், பழக்கும் நாற்பது நாட்களுக்கும் யார் யார் காவல் நிற்பர் என்னும் பெயர்ப் பட்டியலை எழுதுக. அப்பட்டியல் நிறையாதவிடத்து அவ்வாண்டு தொடங்காதிருத்தலே மேல்.